மெஷின் சத்தம்

பிள்ளைகளே, மலேசியாவில் பாடாங் செராயில் நான் ஏறிய பேருந்தில், எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்தேன்.

“எங்க வீட்டுல மூச்சுக்கும் பில் வருது அக்கா.”

“என்ன லா சொல்ற?”

“என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கோம்ல. நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லெட்ரிக் பில் மூணு மடங்கு வந்திருச்சு.”

“அவருக்குத் தெரியுமா?”

“பழைய பில்லத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன். வாடகை ஃபிளாட்டாச்சே, பில் ஓனரம்மா பேர்ல வருது. அவங்க இந்த மாசம் போட்டோ புடிச்சு நேரா அவரு போனுக்கே அனுப்பிட்டாங்க.”

“ஏசினாரா?”

“ஏசியிருந்தா பரவால்ல. ‘நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்’னாரு.”

“மெஷினையும் அவரையும் ஃபேக்டரிக்குத் தூக்கிட்டு வந்துரு. அங்க லெட்ரிக் சும்மாதான்.”

இளையவர் லேசாகச் சிரித்தார். பிறகு வீட்டுக்குப் போன் செய்தார். “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்றாரு?”

“சாப்பிட்டாராம். பின்னால மெஷின் சத்தம் கேக்கல அக்கா.”

தொழிற்சாலைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அவர் எழுந்து, இறங்குவதற்காக மணியை அழுத்தினார்.