சோபாவின் காலி ஓரம்

…அதான் சொல்றேன், கட்டின பொண்டாட்டியை வீட்டை விட்டு அனுப்பறதுக்கு எத்தனையோ காரணம் கேள்விப்பட்டிருக்கேன். கால்பந்துக்காக அனுப்பினவர் எங்க வீட்டுக்காரர் ஒருத்தராத்தான் இருக்கும். இல்லைங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க. புதுசாக் குடிவந்த வீடு, அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே கட்டினபடி கெடக்கு, இதுல நான் வேற. மேட்ச் முடியற வரைக்கும் ஒரு ஓரமா உக்காந்திருந்துட்டுப் போயிடறேன்.

ஐயோ, சோபா வேண்டாங்க. மெத்துமெத்துன்னு இருக்கு, எனக்கு முதுகு பிடிச்சுக்கும். இந்த மர நாற்காலி போதும். கொஞ்சம் இப்படித் திருப்பிப் போட்டுக்கறேனே… ஆங். அந்த பால்கனிக் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வைங்களேன், காத்து வரட்டும். முழுசா வேண்டாம். பாதி. இன்னும் ஒரு சாண்… போதும் போதும்! அப்படியே விட்டுடுங்க. என்ன அருமையான காத்து!

பட்டாணியா உரிக்கிறீங்க? குடுங்க இப்படி. கை சும்மா இருந்தா வாய் ஜாஸ்தி பேசும்னு எங்க கான்வென்ட்ல தையல் சிஸ்டர் சொல்வாங்க. கைக்கு வேலை குடுத்தும் என் வாய் நிக்கலைங்கறது வேற விஷயம்.

எங்க விட்டேன்? ஆங், ராசி. நான் பாத்தா தோத்துடுவாங்களாம்! சொல்றது யாரு? கணக்கு வாத்தியார்! அதுலயும் நிகழ்தகவுல புலி. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, போன தடவை பூ விழுந்ததுக்கும் இந்தத் தடவைக்கும் சம்பந்தமே இல்லைன்னு கரும்பலகை தேயத் தேய நடத்துவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டீம் தோத்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டையைத் தனியா மடிச்சு பரண்ல போடுவார். பரண்ல இடமில்ல. மனுஷனுக்கு உடுத்தத்தான் சட்டையில்ல!

டீம்னா பெரிய டீம்னு நினைச்சுக்காதீங்க. கொக்கு டீம். பனியன்ல ஒரு கொக்கு ஒத்தக்கால்ல நிக்கும். பதினொரு பேரும் அதே மாதிரிதான் நிப்பாங்க, பந்து தானா வந்து கால்ல முட்டுமான்னு. கோல் கீப்பர் மேட்சுக்கு முன்னாடி ரெண்டு கம்பத்தையும் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுப்பான். அந்தப் பாசத்துல பாதியைப் பந்து மேல வச்சிருக்கக் கூடாதா? கோச்சை மாத்தற வேகத்துல நான் துடைப்பத்தைக்கூட மாத்தினதில்ல. அந்த ஜனங்களைச் சொல்லணும்… கோலுக்குக் கை தட்ட வாய்ப்பே இல்லாததால, கார்னர் கிடைச்சாலே எழுந்து நின்னு தட்டறாங்க. பெத்த பிள்ளை ஃபெயிலானாலும் கையெழுத்து நல்லாருக்குன்னு மெச்சிக்கிற மாதிரி.

"வேற டீமே இல்லையா உங்களுக்கு?"ன்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டேன். "உன் குழம்புல உப்பில்லைன்னா நான் என்ன பக்கத்து வீட்டுல போய் சாப்பிடறேனா?"ன்னார். எப்படி இருக்கு பாருங்க! அன்னிக்கு ராத்திரி உப்பே போடாம சமைச்சு வச்சேன். வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டார். அப்பவே புரிஞ்சுடுச்சு, இது திருந்தற ஜென்மம் இல்ல.

எங்க கொழுந்தனார் இருக்கார், நேர் எதிர். எது ஜெயிக்குதோ அதுதான் அவர் டீம். போன வருஷம் சிவப்பு, இந்த வருஷம் நீலம். கொக்கு தோத்த கையோட போன் வரும். "அண்ணி, அண்ணனுக்குக் கொஞ்சம் மோர் குடுங்க, சூடு தணியட்டும்." நான் சும்மா விடுவேனா? "நீங்க முதல்ல ஒரு சட்டையில நிலையா நில்லுங்க, அப்புறம் எங்களுக்கு மோர் ஊத்தலாம்"னுட்டேன். பின்ன என்னங்க? தோக்கறதோ ஜெயிக்கறதோ, பச்சோந்திக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியு… ஐயய்யோ!

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பட்டாணியில புழு. நல்லாப் பெரிய புழு. நடுவுல ஒருத்தன்கூட நிக்கல, நேரா உள்ள வந்துடுச்சு… தோலுக்குள்ளன்னு சொன்னேன்.

இந்த ராசிக் கதையைக் கேளுங்க. கல்யாணமாகி முதல் மேட்ச். புதுப்பொண்ணு, ஆசையாப் போய் சோபாவுல அவர் பக்கத்துல உக்காந்தேன். "இதுல நம்ம ஆளு யாரு?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கேட்டு வாய் மூடலை, நம்ம ஆளே நம்ம கோலுக்குள்ள அடிச்சுட்டான். அவர் என்னைத் திரும்பிப் பாத்தார் பாருங்க… சகுனம் பாத்துப் பொண்ணெடுத்தும் இப்படி ஆயிடுச்சேங்கற மாதிரி ஒரு பார்வை. "நீ கொஞ்சம் அடுப்பைப் பாக்கறியா?"ன்னார், ரொம்ப மரியாதையா. அன்னிக்கு சமையக்கட்டுக்குள்ள போனவதான். என் பொண்ணு காலேஜ் வந்துட்டா, நான் இன்னும் ஹாலுக்கு வரலை. சோபாவுல என் ஓரம் மட்டும் அப்படியே காலியா இருக்கும். வேற யாரையும் உக்கார விடமாட்டார். ஏன்னா, காலியா இருக்கும்போது ஒரு தடவை டிரா பண்ணிட்டாங்களாம்!

நான் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருப்பேன். என்ன, மேடைக்கு மேல மைக்ரோவேவ் இருக்கு. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. அதோட கதவு கறுப்புக் கண்ணாடி. நான் துடைச்சா எதுவும் பளபளன்னு இருக்கும், என் ராசி இல்லைன்னாலும் என் கை அப்படி. ஒரு நாள் நிமிந்து பாக்கறேன்… ஹால் டிவி முழுசா அதுல தெரியுது! இது தப்பா, சொல்லுங்க பாப்போம்? நான் டிவியைப் பாத்தேனா? மைக்ரோவேவைப் பாத்தேன். சமையக்கட்டுல இருக்கறவ மைக்ரோவேவைப் பாக்கக்கூடாதுன்னு எந்த சட்டத்துல இருக்கு?

அப்படி ஆரம்பிச்சதுதான். பாக்கப் பாக்க எல்லாம் பழகிடுச்சு. ஸ்கோர்கூடத் திருப்பிப் படிக்க வரும். அதுல ஏழாம் நம்பர் பையன் ஒருத்தன், சின்னப் பையன், காத்து மாதிரி ஓடுவான். பதினொரு பேர்ல அவன் ஒருத்தன்தான் பந்தைப் பாத்துப் பயப்படாதவன். அடிச்சா கோலுக்குப் போகாது, ஆகாசத்துக்குப் போகும், அது வேற. ஆனா ஓடுவான் பாருங்க! அவன் கீழ விழுந்தா என் கையில கத்தி நின்னுடும்.

போன வாரம் இவருக்கு என்ன தோணிச்சோ, ஸ்டேடியத்துக்கு வரியான்னார். ராசின்னேன். "அங்க ஆயிரக்கணக்கான பேர் பாக்கறாங்க, உன் ராசி அதுல கரைஞ்சுபோயிடும்"னார். கணக்கு போட்டுப் பாத்துட்டாராம்! சரின்னு நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன். பச்சைப்பசேல்னு மைதானம், காதைக் கிழிக்கற சத்தம்… எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. ஏழாம் நம்பர் வரான். பந்தை எடுத்துக்கிட்டு ஓடறான். பாத்தா, இந்தப் பக்கம் ஓடவேண்டியவன் அந்தப் பக்கமா ஓடறான்! எனக்கு வந்துச்சே கோபம். எழுந்து நின்னு கத்தினேன், "என்னங்க இது அநியாயம்! அவனை எதுக்கு இடது பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க? அவன் எப்பவும் வலது பக்கம்தானே ஓடுவான்!"

அவர் மெதுவாத் திரும்பினார். "எப்பவும்னா?"ன்னார்.

அவ்வளவுதான். அவன் பொறந்ததுலேருந்து இடது பக்கமாம். எனக்குத்தான் கண்ணாடிக்குள்ள வலதாத் தெரிஞ்சிருக்கு! அவர் முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு தேற்றம் வரி வரியா நிரூபணமாகுது. சமையக்கட்டு… முதுகு… மைக்ரோவேவ்… கறுப்புக் கண்ணாடி. "அப்போ இத்தனை வருஷமா நீ பாத்துக்கிட்டேதான் இருந்தியா?"ன்னார். கொக்கு அந்த மேட்சையும் தோத்துச்சுங்க. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதுதான் ஒரு வார்த்தை சொன்னார், "நான் அந்த கோச்சைத் திட்டாத நாளில்ல. பாவம்"ன்னு.

கேட்டீங்களா நியாயத்தை? கீப்பர் கையில ஓட்டை, கோச்சுக்கு மண்டையில ஓட்டை, பழி எனக்கு!

இன்னிக்கு சீசனோட கடைசி மேட்ச். டிரா பண்ணினாலே பொழச்சுக்கும். தோத்தா கீழ் டிவிஷனுக்குத் தள்ளிடுவாங்க. டிவியிலகூடக் காட்டமாட்டான். காலையில எழுந்து பாத்தா மைக்ரோவேவ் மேல துண்டு போத்தியிருக்கு. குக்கர் மூடியைக்கூடக் கவுத்து வச்சிருக்கார்! அப்படியும் மனசு கேக்கலை. "நீ பக்கத்து வீட்டுக்கே போயிடு, பாக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போ"ன்னார். சொல்லிட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு மட்டும் தோத்தாங்கன்னா, என் ஆயுசுக்கும் குழம்புல புளி தூக்கலா இருந்தாக்கூட "கொக்கை இறக்கினவதானே நீ"ம்பார். அவர் சொல்லாட்டிக்கூடப் பரவாயில்லைங்க. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்ல சத்தம் இல்லாமப் போனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். அந்த மனுஷன் வாயைத் திறக்கறதே…

கொஞ்சம் நகருங்களேன். மறைக்குது.

என்ன மறைக்குதா? காத்து. காத்து மறைக்குது.

…ஏங்க அப்படிப் பாக்கறீங்க? சரி, சரி. கண்டுபிடிச்சுட்டீங்க. நம்ம ரெண்டு பால்கனியும் மூலையில முட்டுதில்ல? உங்க கதவைப் பாதி திறந்து வச்சா எங்க ஹால் அப்படியே அதுல விழுது. டிவி தெரியுது. சோபாவுல என் காலி ஓரமும் தெரியுது. நீங்க குடிவந்த அன்னிக்கே, பெட்டி இறக்க உதவி பண்ணும்போதே பாத்து வச்சுட்டேன். சொன்ன சொல்லையெல்லாம் மீறலை. டிவியைப் பாக்கமாட்டேன்னுதான் சொன்னேன். உங்க கதவைப் பாக்கமாட்டேன்னு சொல்லலையே!

சிரிக்காதீங்க. ஒரு கோல் வாங்கிட்டு நிக்குது கொக்கு. அந்தப் புழு, அதுதான். நேரம் வேற ஆகிக்கிட்டே… இருங்க. பேசாதீங்க. நீங்க பேசலை, சரி, நான் பேசலை. ஏழாம் நம்பர்கிட்ட பந்து. வலது பக்கம்… சரி இடது பக்கம்… எந்தப் பக்கமோ, ஓடுடா! ஓடுடா ராஜா! ஆகாசத்துல அடிச்சுடாத, கீழ, கீழ, தரையோட தரையா…

அடிச்சுட்டான்!

அடிச்சுட்டாங்க! ஐயோ, என் வாயைப் பொத்துங்க, கத்தினா சுவத்துக்கு அந்தாண்டை கேட்டுடும். பட்டாணியெல்லாம் கொட்டிட்டேனே… விடுங்க, அப்புறம் பொறுக்கித் தரேன். ஒண்ணுக்கு ஒண்ணு! எந்தப் பக்கத்துலேருந்து படிச்சாலும் ஒண்ணுக்கு ஒண்ணு! நான் பாக்கும்போதே அடிச்சான், நீங்கதான் சாட்சி. ராசி மண்ணாங்கட்டியெல்லாம் இன்னியோட போச்சு!

யாரது பெல் அடிக்கறது? அவர்தான். வேற யாரு இப்படித் தேளு கொட்டின மாதிரி அடிப்பா. கொஞ்சம் திறங்களேன்.

என்னங்க? தெரியும். தெரியும்ங்கறேன். …என்னது? நான் இங்க வந்ததாலதான் அடிச்சாங்களா? இனிமே எல்லா மேட்சுக்கும் நான் இங்கேயே வந்துடணுமா? அட, இது நல்லாருக்கே! கேட்டுக்குங்க நல்லா, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஆமா! இந்தக் கண்ணாடியில! உங்க ஏழாம் நம்பர் ஓடினதை முதல் அடியிலேருந்து பாத்தேன். இப்ப என்ன சொல்றீங்க? உங்க தேற்றம் எங்க போச்சு?

…என்ன அப்படியே நின்னுட்டீங்க? …என்ன? நாற்காலியை விட்டு அசையாதேயா? தலையைக்கூடத் திருப்பக்கூடாதா? இதே நாற்காலி, இதே கண்ணாடி, இதே கதவா? ஏங்க, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன… போயிட்டார். ஓட்டமா ஓடறார்.

இவரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு! வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இப்ப பாருங்க, எழுந்திருக்கவும் முடியல. இல்ல, எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது, கான்வென்ட்ல படிச்சவ நான். ஆனாலும் எதுக்கு வம்பு? கால் மரத்துப்போச்சு, பரவாயில்ல. அடுத்த வருஷமும் நான் இப்படி வந்து உக்காந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே? பட்டாணியோ பீன்ஸோ, எது இருந்தாலும் குடுங்க, ஆஞ்சு தரேன். கதவை மட்டும் யாரும் தொடாம… ஏங்க? உள்ள இருக்கீங்களா? கொஞ்சம் தண்ணி குடுங்களேன், இப்ப வேணும். தொண்டை வறண்டுபோச்சு.

ஏங்க?

இருங்க… எங்க ஹால்ல யாரது? சோபா ஓரத்துல, என் இடத்துல, யாரோ ஒரு பொம்பளை… நீங்களா! எப்போ போனீங்க? யாரையும் உக்கார விடாதவர் உங்களை மட்டும் எப்படி விட்டார்? கையில டம்ளர் வேற! என் டம்ளர்ல, என் டீ! அந்த முதல் மேட்சுக்கு அப்புறம் ஒரு தடவைகூட எனக்குக் கிடைக்காத இடம்ங்க அது! பக்கத்துல அவர் பாட்டுக்கு உங்களுக்கு ஏழாம் நம்பரைக் காட்டி விளக்கிக்கிட்டிருக்கார்! இருங்க, மேட்ச் முடியட்டும், எழுந்து வந்தேன்னா இருக்கு உங்க ரெண்டு பேருக்கும்… யாரும் அங்க கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க. கேள்வி கேட்டா ஓன் கோல் விழும்…

கார்னர் அவங்களுக்கு. ஐயோ. தூக்கிப் போடறான். கீப்பர், பிடிடா… பிடிச்சுட்டான்! கம்பத்தைக் கட்டிப்பிடிக்கற மாதிரி கட்டிப்பிடிச்சுட்டான்! ரெஃப்ரி மணியைப் பாக்கறார். ஊதுய்யா. ஊதித் தொலையேன்யா!

…குதிக்கறார். என் பொண்ணு குதிக்கறா. நீங்களும் குதிக்கறீங்க, டீ என் சோபாவுல கொட்டுது, கொட்டட்டும். பொழச்சுட்டோம்!

தோக்கறதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைச்சுடுச்சுங்க!