எனக்கும் நீயே வச்சிரு

என் மகன் வெளிநாட்டில் படிக்கப் பிடிவாதம் பிடித்த வருஷம் அது. குரங்கணி போகும் ஜீப்பில் எனக்கு எதிரே ஒரு பெரியவரும், புதிதாக மொட்டையடித்த அவருடைய தம்பி மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கும் நீயே கொள்ளி வச்சிரு, அப்பு."

"பெரியம்மாவுக்கு அவசரத்துக்கு வச்சேன். உங்களுக்கு லண்டன்லருந்து அண்ணன் வந்துருவாரு, பெரியப்பா."

"லெட்டர் போட்டிருக்கான். தந்தி கெடைக்கும்போதே எரிச்சு முடிச்சிருப்பீங்க, பரீட்சைய விட்டுட்டு வந்து என்ன ஆகப்போகுதுங்கிறான்."

"பொருளாதாரம் படிக்கிறவருல்ல. லாப நட்டம் பாத்துத்தான் எழுதிருப்பாரு."

"பி.ஏ.தான, மதுரையிலயே படிக்கட்டும்னு அழுதா ஒங்க பெரியம்மா. நான்தான் கேக்கல."

"கருமாதிக்காவது வரச்சொல்லி தந்தி குடுங்க."

"குடுக்கல அப்பு. கூப்பிட்டா, வரலைன்னு சொல்லிருவான். கூப்பிடாம இருந்தா, கூப்பிடாததாலதான் வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்துருவேன்."