நிழலில் விட்டிருந்த முகம்

மதியம் இரண்டரை மணி. மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளின் பின்பக்கமாக ஒரு சாலை போகிறது. இரண்டு பக்கமும் மதில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது... ஒரு நாய்கூடக் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார்...

"மதியமா?" என்று குறுக்கே புகுந்தார் விமர்சகர். "பேய்க்கெல்லாம் நைட் ஷிஃப்ட்தானேம்மா?"

எங்கள் குடியிருப்பில் கரண்ட் போன ராத்திரி அது. ஏழெட்டுப் பேர் மொட்டை மாடியில் பாய் விரித்து, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். விமர்சகர் என்பது இரண்டாம் மாடிக்காரருக்கு நாங்கள் வைத்த பேர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மறுநாள் லிஃப்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்வார். அன்றைக்கு நடைப்பயிற்சி முடித்து நேரே மேலே வந்தவர், ஷூவைக் கதவோரம் கழற்றிவிட்டு, நட்டநடுவில் சம்மணம் போட்டிருந்தார். கதை சொன்னது நான். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பேய்க்கு ஷிஃப்ட் போட்டுக் குடுத்தது நீங்களா? கேக்குறதுன்னா பேசாம கேளுங்க. இல்லன்னா நான் கீழ போறேன், துணி மடிக்கிற வேலை கெடக்கு."

சிரித்தார்கள். அடங்கினார்கள். நான் தொடர்ந்தேன்.

அந்த மனிதர் என் சிநேகிதியின் அக்கா புருஷன். அவள் அத்தான் என்பாள், நானும் அப்படியே சொல்கிறேன். பழைய படங்களைத் துடைத்துத் தருவது அத்தானின் தொழில். பிலிமில் விழுந்த கீறல், பூஞ்சை, தூசி... எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து எடுப்பார். ஒரு நொடி ஓடும் படத்தில் இருபத்து நாலு கட்டம் இருக்கும். கண் பூத்துப் போகிற வேலை. ஆனாலும் அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. செத்த படத்துக்கு உயிர் கொடுக்கிறவன் நான் என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அவரிடம் ஒரு படம் வந்தது. ஏழை வீட்டில் பிறந்து பெரிய ஓட்டக்காரராக ஆன ஒருவரின் வாழ்க்கைக் கதை. தியேட்டரில் வந்தபோது இரண்டு மணி நேரம்தான். டைரக்டர் செத்த பிறகு அவர் வீட்டுப் பரணில், அவர் தன் ஆசைக்குத் தொகுத்து வைத்திருந்த நீளமான வடிவம் கிடைத்தது. அதைச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரி டிஸ்க்காக விற்க ஏற்பாடு.

"அந்தப் படமா?" விமர்சகரால் அடக்க முடியவில்லை. "டிஸ்க் வாங்கி ரெண்டு தடவ பாத்துட்டேன்மா. அந்த அம்மா நிக்கிற சீன்... அழுதுட்டேன்."

"அழுதீங்கல்ல, சந்தோஷம். இப்ப வாய மூடுங்க."

அவர் சொன்ன அந்தக் காட்சிதான் விஷயமே. தியேட்டரில் வராத காட்சி. மகன் வெறுங்காலில் ஓடுகிறானே என்று தாய் ஒரு கடையில் ஒரு ஜோடி ஷூவைத் திருடிவிடுகிறாள். கடைக்காரன் பிடித்துவிடுகிறான். அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றாக முடிந்து, அவள் கழுத்தில் மாட்டி, உச்சி வெயிலில் கடை வாசலில் நிறுத்துகிறான். தெருவே கூடி நின்று பார்க்கிறது. அவள் லேசாக அசைந்தால் போதும், ஷூக்கள் ஒன்றோடொன்று மோதும். டப்... டப்... அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரிக்கும்.

கதை இல்லை. அந்த ஓட்டக்காரரின் தாய்க்கு நிஜமாகவே நடந்தது.

அத்தான் அந்தக் காட்சியைத் தொட்ட வாரத்தில் ஓட்டக்காரரின் தங்கை அவரைத் தேடி வந்தார். நரைத்த தலை, மடியில் கைப்பை. நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, சீன எடுத்துடுங்கன்னு கேக்க வரல. அது உங்க கையில இல்லன்னு தெரியும்" என்றார். "படம் எடுத்தப்ப எங்கம்மா உசுரோட இருந்தாங்க. நெழல்லதான் எடுத்திருக்கேன், முகம் தெரியாதுன்னு டைரக்டர் சொன்னாரு. அப்பவும் அம்மா அவர் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அதான் அன்னைக்கு வெட்டுனாரு. இப்ப ரெண்டு பேருமே இல்ல. அந்த இருட்ட மட்டும் அப்படியே விட்டுடுங்க தம்பி. சாகுற வரைக்கும் எங்கம்மா அந்தத் தெரு வழியா போகல."

"கண்டிப்பாக்கா. நான் பாத்துக்குறேன்" என்றார் அத்தான். மனசாரத்தான் சொன்னார். அதுவரை நல்ல மனிதர்தான்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். காட்சியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முகமே தெரியலையேப்பா. பெரிய டிவில பாக்குறவன் எதுக்குக் காசு குடுப்பான்? உன்னால முடியாதா?"

முடியாதா என்று கேட்டதுதான் வினை. நெகட்டிவில் இருட்டு என்று நாம் நினைப்பது முழு இருட்டு இல்லையாம். உள்ளே எல்லாம் பதுங்கி இருக்குமாம். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் வெளியே வருமாம். தூக்க முடிகிற நிழலைத் தூக்காமல் விட அந்தத் தொழில்காரர்களுக்கு மனசே வராது. அத்தான் தூக்கினார். குனிந்த தலைக்குக் கீழே முதலில் மூக்கு வந்தது. பிறகு கன்னம். பிறகு மூடிய கண்கள். தாயாக நடித்த நடிகையின் முகம், வியர்வை முதற்கொண்டு தெரிந்தது.

முதலாளி தோளில் தட்டினார். "கெட்டிக்காரன்டா நீ." அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நரைத்த தலையும் கைப்பையும் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது... தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் திறந்தால் முகம் பழையபடி இருட்டாக இருந்தது. முன்னும் பின்னும் எல்லாக் காட்சியும் அவர் விட்ட மாதிரியே பளிச்சென்று இருக்க, அந்த முகம் மட்டும் இருட்டு. சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி தூக்கினார். சேமித்தார். சேமித்ததை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் இருட்டு. கூடவே அறையில் ஒரு வாசனை... வெயிலில் காய்கிற புது ரப்பர் வாசனை. ஏசி ஓடுகிற அறை அது, ஜன்னலே கிடையாது.

அன்றைக்குக் கடைசித் தடவையாகத் தூக்கினார். மூக்கு வந்தது. கன்னம் வந்தது. கண்கள்... திறந்திருந்தன. அது நடிகையின் முகமே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாரே தங்கை, அவருடைய மூக்கு, அவருடைய நெற்றி. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னால் சொன்னாராம் அத்தான். "வேண்டாம்ப்பா" என்று கெஞ்சுகிற கண்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிழலைத் திரும்ப இறக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் முதலாளி அந்த முகத்தை ஏற்கெனவே நாலு பேருக்குக் காட்டிப் பெருமையடித்திருந்தார். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? திரையை அணைத்துவிட்டார். அணைத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிப் படத்தை டிஸ்க் போட அனுப்பிவிட்டார். அவளைப் பார்க்க வெட்கம். அனுப்ப வெட்கமில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மதியம் இரண்டரை மணி. முதலில் சொன்னேனே, அந்தச் சாலை.

பாதி தூரத்தில் பின்னால் கேட்டது. டப்... டப்... அவர் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால்... டப். காலடிச் சத்தம் இல்லை. காலடியே இல்லாமல் வெறும் ஷூ மோதுகிற சத்தம், தரையிலிருந்து வரவில்லை... கழுத்து உயரத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பஸ் நிறுத்தம் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் சத்தம் நின்றுவிட்டது. கூட்டம் என்றால் அவளுக்குப் பயம் போல.

டிஸ்க் வெளியானது. நன்றாக விற்றது. ஒரு சாயங்காலம் தங்கையிடமிருந்து போன். திட்டட்டும், திட்டினால் பாரம் குறையும் என்று அத்தான் எடுத்தார். அவர் திட்டவில்லை.

"பாத்தேன் தம்பி. அம்மாவ அப்படியே கொண்டு வந்துட்டீங்க. போகட்டும், விதி." என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கூட்டத்துல நீங்க எதுக்கு நிக்கிறீங்க? மரத்தடியில... சிரிச்சுக்கிட்டு?"

குத்திக் காட்டுகிறார் என்றுதான் அத்தான் நினைத்தார். டிஸ்கைப் போட்டார். அவர் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படம். மரத்தடியில், அவருடைய கட்டம் போட்ட சட்டையோடு, அவரேதான்... வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

மறுநாளே தங்கை வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக நின்றார். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த டம்ளரை வாங்கக் கை வரவில்லையாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்ததாம்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. என் சிநேகிதியின் அக்கா, "என்னதான் இருக்கு அதுல, நான் பாக்குறேன்" என்று டிஸ்கைப் போட்டாள். காட்சி முடிகிற வரைக்கும் பார்த்தாள். "மரத்தடியில நீங்க இல்லவே இல்லீங்க. வீணா மனச கொழப்பிக்காதீங்க" என்றாள். ஆனால் அவள் முகம் வெளிறிவிட்டது. டிஸ்கை எடுத்துத் துணியில் சுற்றிப் பீரோ மேல் போட்டாள். அன்றிலிருந்து அவளும் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதில்லை. என்ன பார்த்தாய் என்று என் சிநேகிதி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். வாயே திறக்கவில்லை.

அவ்வளவுதான் கதை என்றேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

விமர்சகர்தான் பேசினார். குரலே அவருடையது மாதிரி இல்லை.

"அந்தக் கடைப் படிக்கட்டுல உக்காந்து... என் சாயல்ல ஒரு ஆளு கை தட்டிச் சிரிக்கிறது... அதுதான் உங்க ஃப்ரெண்டோட அத்தானாம்மா?"

"இல்லையே. அத்தான் மரத்தடியிலல்ல நின்னாரு. படிக்கட்டுல யாரப் பாத்தீங்க?"

விமர்சகரின் தலை குனிந்திருந்தது. அப்போது கரண்ட் வந்தது. மாடி விளக்கு எரிந்ததும் அவர் எழுந்து, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் கதவோரம் போனார். அங்கேயே வெகுநேரம் நின்றார். என்னவென்று நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாருடைய செருப்பும் போட்டது போட்டபடி கிடந்தது. அவருடைய ஷூவின் கயிறுகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்த்து முடியப்பட்டிருந்தன.

அவர் அதை அவிழ்க்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கினார். இரண்டாம் மாடிக் கதவு சாத்துகிற வரைக்கும் எங்களுக்குக் கேட்டது. டப்... டப்...