மிதி மாறினும் பாயாத வண்டிக்குச் சந்தை கண்ட தொகாஷி நோபுயோ அம்மையாருக்கு

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! விலை போவதையும் வீண் போவதையும் விருப்பு வெறுப்பின்றி அளந்த கூர்மதியீர்! யமகாதா மாவட்டத்தின் பனியிலும் மலைப்பாதையிலும் எங்கள் பொருட்டு அலைந்த பெருந்தகையீர்!

ஹிகாமி வாகனக் கருவி நிறுவனத்தின் சந்தை ஆய்வுத் தலைவி பொறுப்பிலிருந்து தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், நன்றி நிறைந்த நெஞ்சோடு தங்கள் முன் நிற்கிறோம்.

பிரேக் என்று எண்ணி ஆக்சிலேட்டரை மிதித்துவிடும் முதியவரின் வண்டியைப் பாயவிடாமல் பிடித்து நிறுத்தும் கருவியை எங்கள் பிரிவு செய்து முடித்திருந்த நேரம் அது. சோதனைத் திடலில் அது தவறியதே இல்லை. ஆயினும், அது விற்காவிட்டால் பிரிவையே மூடிவிடுவதென்று இயக்குநர் கிதாஜிமா முடிவு செய்திருந்தார். வணிகச் சாத்தியத்தை ஆராயும் பணி தங்களிடம் வந்தது. நல்ல சொல் ஒன்றுக்காக நாங்கள் காத்திருக்க, ‘கடையில் வைத்தால் இதை எவரும் வாங்கமாட்டார்’ என்றே தங்கள் அறிக்கை சொன்னது. அன்று எங்களில் பலருக்குச் சோறு இறங்கவில்லை.

அறிக்கையோடு கைகழுவிவிடவில்லை தாங்கள். ஓட்டுநர் ஓனோதெராவை அழைத்துக்கொண்டு மீண்டும் ஊர் ஊராகப் போனீர்கள். செர்ரித் தோட்டக்காரர் அபிகோ தேநீரும் ஊறுகாயும் வைத்து உபசரித்துவிட்டு, “எனக்கு எதுக்கும்மா இது? என் காலு நல்லாத்தான் இருக்கு. எதிர்வீட்டுக்காரனுக்கு மாட்டிவிடுங்க, கூட்டுறவுக் கடைக் கதவையே பேத்துட்டான் அவன்” என்றாராம். எதிர்வீட்டுக்குப் போனால் அவரோ அபிகோவைக் கைகாட்டினாராம். இனி இது தேறாது என்று ஓனோதெரா சோர்ந்துபோக, தாங்கள் சிரித்தீர்களாம்.

“வேணாம்னு யாருமே சொல்லலையே, ஓனோதெரா. தனக்குன்னு வாங்கத்தான் கூச்சப்படறாங்க.”

அந்தச் சிரிப்பில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. விவசாயக் கூட்டுறவுப் பட்டறைக்கு வண்டிகள் கட்டாயச் சோதனைக்கு வரும்போதே, ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் ஒருசேரப் பொருத்திவிடலாம்; எவருக்கும் தலைகுனிவு இராது என்று தாங்கள் திட்டம் வகுத்தீர்கள்.

“யாரும் வாங்கமாட்டாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?” என்று கேட்டார் இயக்குநர்.

“தனித்தனியா வாங்கமாட்டாங்க. அதைத்தான் எழுதினேன். ஒரே ஒரு ஊர் கொடுங்க சார். அங்கயும் விலைபோகலைன்னா, பிரிவோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க.”

எங்களுக்காக எவரும் அதற்கு முன் தம் வேலையைப் பணயம் வைத்ததில்லை. அவ்வூரில் தயங்கியவர் இருந்தனர். இரண்டொருவர் கடைசிவரை மறுத்தனர். மற்றவர் வண்டிகளிலெல்லாம் கருவி ஏறியது. பக்கத்து ஊர்க் கூட்டுறவுகள் தாமே தேடி வந்தன. பிரிவு பிழைத்தது. அடுத்த ஆண்டு மழலையர் பள்ளி வாசலில் ஒரு மூதாட்டியின் கால் மிதி மாறியது. வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. செய்தி கேட்ட தாங்கள் சன்னலோரம் போய் நின்றதை நாங்கள் கண்டோம்.

இனிப்பான பொய்யால் எங்களை ஏமாற்றாமலும், கசப்பான மெய்யோடு எங்களைக் கைவிடாமலும் காத்தீர்கள். நாளை புதுக்கருவியோடு எவர் துள்ளி வந்தாலும், ‘இதை யார் வாங்குவார்?’ என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டியவர்கள் இனி நாங்கள். அந்தத் துணிவைத் தங்களிடமே கற்றோம்.

குன்றா நலமும் குறையா மகிழ்வும் சூழ, தாங்கள் நெடிது வாழ்க.

நன்றியுடன்,
மூடப்படாத கருவிப் பிரிவின் ஊழியர்கள்