முந்தின கொத்து

"ஹலோ... ஆமா, நான்தான். சீக்கிரம் சொல்லும்மா. மேடைக்குப் பின்னாடி ரூம்ல நிக்கிறேன், பத்து நிமிஷத்துல கூப்பிட்டுருவாங்க... என்னது? எது போச்சு?"

பேராசிரியர் கோட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். ஆய்வுக்கூடத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மருமகள் பேசினாள். அவர், மகன், மருமகள் மூவருக்கும் ஒரே சோதனையில்தான் வேலை.

"இரு, இரு. எலக்ட்ரானைக் கொண்டுபோய் புரோட்டான்மேல மோதறோம். கேயான்னு ஒரு கனமான துகள் வருது. அதோட ஜோடியா இன்னொரு விசித்திரத் துகள். அந்தப் புது ஜோடியைத்தானே இன்னிக்கு அறிவிக்கப் போறேன்?... ஆமா... ஆமா ஆமா, ரெண்டு நானோசெகண்டுக்கு ஒரு கொத்து எலக்ட்ரான் வரும், எனக்கே பாடம் எடுக்கிறியா?... எந்தக் கொத்து?... முந்தின கொத்தா?"

பக்கத்திலேயே நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை.

"அப்ப வந்தது பயான். கேயானைவிட லேசான, வெறும் பயான். நாம கடிகாரத்தை ஒரு கொத்து முன்னாடியே ஆரம்பிச்சிட்டோம். அது தாமதமா வந்த மாதிரி தெரிஞ்சுது. தாமதமா வந்தா கனமானதுன்னு நினைச்சு, கேயான்னு பேர் வெச்சிட்டோம்... எல்லாப் பதிவுலயுமா?... யாரும்மா கடிகாரத்துக்கு அந்தத் தொடக்க எண்ணைப் போட்டது?... ஓ. என் பையனா."

குரல் தணிந்தது.

"கேக்குது, கேக்குது. வாயைத் திறக்காத. நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். நாப்பது வருஷத்துல என் பேர்ல ஒரு தப்பான முடிவு வெளிய போனதில்ல... முதல்கட்ட முடிவுன்னு சொல்லிச் சமாளிக்கறேன்... சரி, முடிவைக் காட்டற அந்தப் படத்தையே உரையிலருந்து எடுத்துடறேன்... தெரியும், அதை எடுத்தா மிச்சம் நன்றி சொல்றது மட்டும்தான்! சிரிக்கிறியா?... அழறியா. சரி, அழாத."

யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணு. நான்தான் போட்டேன்னு பதிவேட்டுல எழுதிடு. கிழவனுக்குக் கண்ணு தெரியலன்னு பேசிட்டுப் போகட்டும்... ஏன் முடியாது?... அவனே எழுதிட்டானா? அழிச்சிடு... அழிக்க முடியாதா. ஆமா, அந்த விதி போட்டதே நான்தான்... அவன்கிட்ட போனைக் குடு... இல்லையா? பின்ன எங்க?"

அவர் அரங்கு இருந்த பக்கம் திரும்பினார்.

"இங்கயா? மூணாவது வரிசையிலயா?... நான் அந்தப் படத்தைக் காட்டினா எழுந்து நிப்பானா? நூத்தம்பது பேர் முன்னாடி அப்பனை மறுத்துப் பேசுவானா? நீயும் சரின்னு தலையாட்டி அனுப்பினியா?... அந்தப் பிடிவாதம் எங்கருந்து வந்துதுன்னு என்னைக் கேக்காத!"

மறுபடி கதவு தட்டப்பட்டது.

"கேளும்மா. அவனுக்கு உடனே சேதி அனுப்பு. எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லு. தப்பு தன்னோடதுன்னு அவன் வாயால சபைல சொல்லக் கூடாது. நான் சொல்லிக்கறேன்... என்ன சொல்வேனா? அது இன்னும்... இதோ, கதவைத் திறந்துட்டாங்க. வெச்சிடாத. சேதி போச்சான்னு மட்டும் சொல்லு. போச்சா?... ஹலோ? ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது. அரங்கில் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.