ஜெமுதாய் டீச்சர் கடைசி வண்டி

மேடையில் இருக்கும் பாஸ்டர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் அம்மா அவர்களே, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் பைக் சங்கத்தினரே, பள்ளித் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜெலகத். உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் படிவ மாணவி. இந்த நினைவுக் கூட்டத்தில் மாணவிகள் சார்பில் பேச எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அது நல்ல தாள்தான். ஆனால் அதில் இல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அதை நானே எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

ஜெமுதாய் கிமையோ டீச்சர் யார்? எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இத்தேன் மேட்டிலிருந்து பதினான்கு வண்டிகளைக் கூட்டிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கி, கெரியோ ஆற்றுப் பாலம் தாண்டி, கபார்நெட் ஊருக்கு ஏறி, ஆட்டுக்கறி சுட்டுத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பியவர். அந்தப் பதினான்கில் அவர் வண்டி எப்போதும் கடைசி.

தேநீர்க் கடையில் நம் சங்கத்துச் செலிமோ அண்ணன் ஒருமுறை கேட்டார்: "ஏன் டீச்சர், எப்பவும் கடைசியாவே வர்றீங்க? வண்டிக்கு வயசாயிடுச்சா?"

"வண்டிக்கு என்னடா? உன் வண்டியிலிருந்து எது எது கழண்டு விழுதோ, பொறுக்கிட்டு வர ஆள் வேணாமா?"

கடையே சிரித்தது. ஆனால் அது விளையாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. பஞ்சரானவர், பயந்து நின்றவர், வளைவில் வாந்தி எடுத்தவர், யாரையும் அவர் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒருமுறை எங்கள் கூட்டத்திலேயே சேராத ஒரு வாடகை பைக்காரருக்குச் சங்கிலி அறுந்துபோனது. அவரோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். அன்று அவருக்குக் கறியே மிஞ்சவில்லை. எலும்பைக் காட்டி மன்னிப்புக் கேட்டோம்.

சங்கத்தின் ஒரு வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியாது. பாதை பிரியும் முக்கு வந்தால், முன்னால் போகிறவருக்கு அடுத்து வரும் வண்டி அங்கே நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கடைசி வண்டியை அடையாளம் காண்பது எப்படி? டீச்சரின் மஞ்சள் மேல்சட்டை. மஞ்சள் வந்தால் எல்லோரும் வந்தாயிற்று.

போன மாதப் பயணத்தில் மழை. தம்பாச்சு ஊருக்குக் கீழே, பழைய மண் பாதை பிரியும் முக்கில் நின்றது யாத்தோர் மாமா. அவர் என் அம்மாவின் தம்பி. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான். முன்னால் போன வண்டியும் எங்கள் வண்டியும் போக, பன்னிரண்டு வண்டிகள் கடக்க வேண்டும். எண்ணுவது என் வேலை.

பதினொன்றாவதாக மஞ்சள் போனது.

"என்னம்மா, எல்லாரும் போயாச்சா?" என்றார் மாமா.

ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மஞ்சளைப் பார்த்துவிட்டேனே. நான்தான் எங்கேயோ எண்ணத் தவறியிருப்பேன் என்று நினைத்தேன். குளிராகவும் இருந்தது.

"டீச்சர் போயாச்சு மாமா. கிளம்புங்க" என்றேன்.

மஞ்சள் சட்டைக்குள் இருந்தது செலிமோ அண்ணன். மேலே மழையில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு, டீச்சர் தன்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நீ முன்னாடி போடா, நான் வர்றேன்" என்று அனுப்பியிருக்கிறார்.

பின்னால் வந்த டீச்சர் முக்கில் யாரையும் காணவில்லை. வேறொருவராக இருந்தால், போய்விட்டார்கள் என்று நினைத்து நேராகப் போயிருப்பார். டீச்சர் அப்படி நினைக்கவில்லை. தான் வராமல் நாங்கள் நகரமாட்டோம் என்று அவ்வளவு உறுதியாக நம்பினார். நாங்கள் அங்கே இல்லை என்றால் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மண் பாதையில் தேடி இறங்கினார். மழையில் ஊறிய கரை சரிந்தது.

வேகத்தால் செத்தார் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பொம்பளைக்கு எதற்கு பைக் என்றும் பேசுகிறார்கள். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா இன்று இங்கே வந்திருக்கிறார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வேகமா? என் ஆடு அதைவிட வேகமா நடக்கும். நின்னு நின்னு போச்சு அந்தம்மா. யாத்தோர், ஜெலகத்துன்னு கூப்பிட்டுக்கிட்டே போச்சு."

எங்கள் பெயரைத்தான் கூப்பிட்டார்.

முக்கை விட்டு ஏன் நகர்ந்தாய் என்று சங்கத்தில் கேட்டபோது மாமா, "குளிருச்சு, கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரோடு யாரும் தேநீர் குடிப்பதில்லை. அவர் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பெரியவர்களே, கிளம்பச் சொன்னது நான். நான் தவறாக எண்ணவும் இல்லை; சரியாக எண்ணிவிட்டு, அதை நம்பாமல் போனது நான். டீச்சர் வகுப்பில் எத்தனை முறை சொன்னார்: "விடை இடிக்குதுன்னா விடையைத் திருத்தாதே. முதல்லேருந்து எண்ணு." அந்த ஒரு நாள் நான் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கூட்டம் முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். கலைத்தால் என்ன ஆகும்? ஊர் சொன்னதே உண்மையாகிவிடும். மாமாவின் தலையில் பழி நிரந்தரமாகத் தங்கும். ஒருவரையும் விட்டுவிட்டு வராத மனுஷிக்கு நாம் செய்யும் மரியாதை, அவரை அந்த மண் பாதையிலேயே விட்டுவிட்டு வருவதா?

அடுத்த சனிக்கிழமை வண்டிகளை எடுங்கள் என்று கேட்கிறேன். இனி யாரும் நிறத்தைப் பார்த்து நகர வேண்டாம். கடைசி வண்டி முக்கில் நின்று, முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லட்டும். நிற்கிறவர் எண்ணிக்கையைச் சொல்லட்டும். இரண்டும் பொருந்தினால்தான் அசைய வேண்டும். இதற்கு நான் பொறுப்பு.

செலிமோ அண்ணா, அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொள்ள முடியாமல் கையில் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை என் மாமாவிடம் கொடுங்கள். டீச்சரின் இடத்தில் இனி அவர் வரட்டும்.

மாமா, நீங்க கடைசியா வாங்க. மெதுவாவே வாங்க. மழை பெய்தாலும் நான் வேறொருவர் வண்டியில் முன்னால் வந்து அந்த முக்கில் நிற்பேன். ஒரு வண்டி விடாமல் எண்ணி முடித்து, உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை நகரமாட்டேன்.