திருப்பி வாங்கவேண்டிய பெட்டிசம்

சாய்ந்தமருதில் பஸ் ஏறிய துருக்கித் தொப்பிக்காரர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"கல்முனைக்குப் போறன் மச்சான். சானிட்டரி கந்தோரில நான் குடுத்த முறைப்பாட்டுப் பெட்டிசத்தத் திருப்பி வாங்கணும்."

"பக்கத்து வீட்டான்ட கக்கூஸ் குழிதானே? சரிபண்ணிட்டானா?"

"எங்க! இன்னும் எங்கட கிணத்துக்குள்ளதான் ஊறி வருது. ஆனா அவன்ட மகள நம்மட மகனுக்குப் பேசிட்டம். அந்த வீடுதான் சீதனம். இன்ஸ்பெக்டர் போனா சம்பந்தம் குழம்பிரும்."

"இன்ஸ்பெக்டர் இப்ப போனா புதுக் குழிய அவன் வெட்டணும் மச்சான். கலியாணம் முடிஞ்சு போனா ஆரு வெட்டுற? ஒங்கட மகன்தானே."

கொண்டக்டர், "கல்முனை, கல்முனை" என்று கத்தினார். இறங்க வேண்டியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.